மூன்றாம் தரம் கூப்பிட்ட குரல்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கிளார்க் என்னைத் தேடி வந்தார். ரங்கூனில் கெமண்டைன் படித்துறைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் வீட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நாள் பிடித்ததாம். இப்போதெல்லாம் நோயாளி உள்ளே வந்ததுமே மணிக்கட்டில் எண் எழுதிய துணிப்பட்டையைக் கட்டிவிடுகிறார்களாம். காலையில் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்தியாயிற்றாம். நல்ல காரியம் என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார், எதற்காக அவ்வளவு தூரம் வந்தாரோ அதைக் கேட்டார். உயிரோடு இருந்த ஒருவரை நான் பேர் கூப்பிட்டே சாகடித்துவிட்டதாகப் பழைய ஆட்கள் சொல்கிறார்களே, அது நிஜமா என்றார்.

நிஜம்தான். அவரிடம் வேறு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மனுஷன் கிளறிவிட்டுப் போய்விட்டார், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் இரண்டு பெயர்கள் வர வேண்டும், இரண்டையும் எழுதப்போவதில்லை. ஒன்று இன்னொருவருக்குச் சொந்தம். மற்றதைச் சொல்லிக் கூப்பிட உரிமை உள்ளவர்கள் இப்போது யாரும் இல்லை.

நான் பினாங்கில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் படகுக்காரர். மலாய் மொழியைத் தெருவில் கற்றேன், பள்ளிக்கூடத்தில் பெரிதாக எதையும் கற்கவில்லை. பதினெட்டு வயதில் ரங்கூனுக்கு வந்து, அரிசி ஆலை ஒன்றில் நாலு வருஷம் மூட்டை நிறுத்தேன். தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, பர்மியம், மலாய் ஐந்தும் எனக்கு அரைகுறை. ஐந்து அரைகுறை சேர்ந்தால் துபாஷி உத்தியோகம் கிடைக்கும் என்று ஒரு நண்பன் கேலியாகச் சொன்னான், கிடைத்தே விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரி பசுண்டாங் ஓடையோரம், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தது. மூங்கில் தட்டி, ஓலைக் கூரை. கடைசிக் கொட்டகை அம்மை வார்டு. அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். நோயாளியை "அம்மா வந்தவர்" என்பார்கள், வாசலில் வேப்பிலை செருகுவார்கள். டாக்டர் அதைப் பிடுங்கிப் போடச் சொல்வார். மறுநாள் காலையில் புது வேப்பிலை இருக்கும்.

துபாஷியின் வேலை ஒன்றும் பெரிதல்ல. உள்ளே வருகிறவனுடைய வாய் மூடிப்போவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும். பெயர் என்ன, ஊர் எது, யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மூன்றாவது கேள்வி வந்ததும் எல்லோருக்கும் புரிந்துவிடும், முகம் மாறும். அதனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்கப் பழகினேன்.

பிறகு காலை அழைப்பு. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அம்மை முற்றினால் முகம் முகமாக இருக்காது. கண் வீங்கி மூடிவிடும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதனால் தினமும் காலை ஆறரை மணிக்குத் துபாஷி வார்டு வாசற்படியில் நின்று, கட்டில் வரிசைப்படி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். உள்ளே போகக் கூடாது. ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் சொல்ல வேண்டும், ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிதானமாக ஐந்து எண்ண வேண்டும். பதில் சொன்னாலும் சரி, முனகினாலும் சரி, கையைத் தூக்கினாலும் சரி. எதுவும் இல்லாவிட்டால் வார்டு ஆள் போய்ப் பார்ப்பான். பதிவேட்டில் வாசகம் அச்சடித்தே இருக்கும்: 'மூன்று தரம் அழைக்கப்பட்டது. மறுமொழி உண்டு, இல்லை.' உண்டு, இல்லை இரண்டில் ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதையெல்லாம் வகுத்தவர் ஹெட்கிளார்க் தேவசகாயம். திருநெல்வேலிக்காரர். எந்த வெயிலிலும் மூடிய கோட்டு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சாவு என்ற சொல்லை அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை, "முடிஞ்சுது" என்பார். அதை வீட்டாருக்குத் தெரிவிக்கும் தாளை எழுதும்போது மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு எழுதுவார். எவனோ ஒரு அநாதைக் கூலியாக இருந்தாலும் அப்படித்தான். எழுதி முடித்து, மையை ஒற்றி, தாளை மூன்றாக மடித்து, அதன் மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகுதான் உட்காருவார். என்னிடம் அவர் காட்டாத கடுமையில்லை. ஆனாலும் அவர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை வரும்.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் இரண்டு மலாய்க்காரர்கள் ஒரே வாரத்தில் வந்தார்கள். ஒருவன் மாலுமி. கப்பலிலிருந்து இறக்கி வாசலில் கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள். கையில் காகிதம் இல்லை, வாயில் பேச்சும் இல்லை. அவனுக்குப் பதினொன்றாம் கட்டில். மற்றவர் நாற்பது வயசுக்காரர், சாரங் துணி மூட்டை சுமந்து தெருத்தெருவாக விற்றவர். அவரும் வரும்போதே நினைவில்லாமல்தான் இருந்தார். ஆனால் இடுப்பில் டச்சுச் சர்க்காரின் பயணச் சீட்டு இருந்தது. அதில் ஒரு பெயர், சுமத்ரா மலைநாட்டில் ஒரு ஊர். அந்தப் பெயரை நான் தகட்டில் எழுதி அவருடைய பன்னிரண்டாம் கட்டிலில் மாட்டினேன்.

ஐந்தாம் நாள் பெரும் மழை. விடிவதற்குச் சற்று முன் வார்டின் அந்த மூலையில் கூரை பிய்த்துக்கொண்டது. வார்டு ஆட்கள் நாலைந்து கட்டில்களை இழுத்துப்போட்டார்கள். அந்தக் களேபரத்தில் தகடுகள் கழன்று சேற்றில் விழுந்துவிட்டன. நான் வந்தபோது மலாய்க்காரர் இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை. போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். உயிரோடிருந்தவரும் முகம் எல்லாம் ஒரே புண்ணாகக் கண் மூடிக் கிடந்தார். உயரமும் ஒன்று, உடம்பும் ஒன்று.

தேவசகாயம் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். சுமத்ராவுக்குக் கடிதம் கொண்டுபோகும் பினாங்கு மெயில் கப்பல் பத்து மணிக்குக் கிளம்பும், அடுத்தது பதினைந்து நாள் கழித்து.

"ரெண்டு பேர்ல எவன்னு சொல்லும்வே" என்றார்.

தெரியவில்லை என்றேன்.

"பேர்தான் இருக்குல்லா? கூப்பிட்டுப் பாரும். பதில் சொன்னா இவன்தான் அவன். சொல்லாட்டா முடிஞ்சது அவன்."

நியாயமாகத்தான் பட்டது. கிடந்தவருக்குக் காது கேட்டது. பத்து நிமிஷம் முன்புதான் வார்டு ஆள் 'தண்ணி' என்றதும் வாயைத் திறந்திருந்தார். நான் வாசற்படியில் நின்று, சீட்டில் இருந்த பெயரைப் பினாங்கில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். ஐந்து எண்ணினேன். மறுபடி கூப்பிட்டேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது, வார்டில் இருமல்கூட இல்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. வலியால் என்று நினைத்தேன். பதிவேட்டில் 'உண்டு' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தேவசகாயம் நின்றபடியே கடிதம் எழுதினார். பத்து மணிக் கப்பலில் அது போயிற்று. போர்த்தியிருந்தவரை முஸ்லிம் மையவாடிக்குக் கொண்டுபோய் அந்தப் பெயரிலேயே அடக்கம் செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, பிழைத்தவருக்குக் கண் திறந்தது. மாலுமியாயிற்றே, எந்தக் கப்பல் என்று விசாரித்துவிடலாம் என்று போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை.

"அன்றைக்கு என்னைக் கூப்பிட்டது யார்?"

அவர் பேசியது மலாய் மாதிரி இருந்தது, மலாயாகவும் இல்லை. நாம் மலையாளம் கேட்கிற மாதிரி, பாதி பிடிபடும், பாதி நழுவும். மலாய்க்காரன் 'அ' என்று வாய் திறந்து முடிக்கிற இடத்தில் இவர் உதட்டைக் குவித்து 'ஒ' என்றார். 'நான்' என்பதற்கு 'அம்போ' என்றார். மினங்கபாவு மொழி என்று பிறகு சொன்னார். அந்த மக்களைப் பற்றி அதற்கு முன் எனக்கு ஒன்றும் தெரியாது.

மாலுமி இல்லை என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. சாரங் விற்றவர்தான் பிழைத்திருக்கிறார். நான்தான் கூப்பிட்டேன், உங்கள் பெயரைத்தானே கூப்பிட்டேன், ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். அழாத குறை.

அவர் மெதுவாக விளக்கினார். அவர்கள் ஊரில் ஆணுக்குச் சின்ன வயதில் ஒரு பெயர். கல்யாணமானதும் அந்தப் பெயர் போய்விடும், பட்டம் வரும். அதன் பிறகு யாரும் பழைய பெயரைச் சொல்லமாட்டார்கள். மனைவி சொல்லமாட்டாள், அவள் வீட்டார் சொன்னால் பெரிய அவமானம். இவரோ சாதாரண ஆளும் அல்ல, தாய்வழிக் குடும்பத்துக்கே தலைவர், டத்துக். தாய்மாமனிடமிருந்து வந்த பட்டம். வீடும் வயலும் பெண்களுக்கு, அதிகாரம் தாய்மாமனுக்கு, அவருக்குப் பிறகு சகோதரியின் மகனுக்கு. ஒரு காலத்தில் ஒருவருக்குத்தான் அந்தப் பட்டம். எங்கள் மருந்துக் கிடங்கு நாயர் இதைக் கேட்டுவிட்டு, எங்கள் நாட்டிலும் கிட்டத்தட்ட இப்படித்தானே என்று அலட்சியமாகச் சொன்னார். எனக்கு அப்படி அலட்சியமாக இருக்க முடியவில்லை.

"சீட்டில் இருப்பது டச்சுக்காரன் கேட்டு எழுதிக்கொண்ட குழந்தைப் பெயர்" என்றார். "ரங்கூனில் அதை அறிந்தவர் ஒருவரும் கிடையாது. கண் தெரியாமல், உடம்பு எரிய நான் இருட்டில் கிடக்கிறேன். அப்போது அந்தப் பெயர் வருகிறது. அது எங்கிருந்து வரும் என்று நினைப்பேன்? பதில் சொன்னால் போய்விடுவேன் என்று வாயை மூடிக்கொண்டேன்."

நான்தான், நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"முதல் இரண்டு தரம் நீங்கள். ஆண் குரல்" என்றார். "மூன்றாவது என் அம்மா. எனக்கு ஏழு வயதில் போய்விட்டவள்."

மூன்று தரமும் நான்தான் கூப்பிட்டேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் அதன் பிறகு காலை அழைப்பின்போது மூன்றாம் தரம் வரும்போதெல்லாம் என் குரலையே நான் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கினேன்.

தேவசகாயத்திடம் சொன்னேன். கிராம்பு மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, காய்ச்சல் திரும்பி இவரும் முடிந்துபோனால் இரண்டு கடிதமும் கேலிக்கூத்தாகிவிடும், ஒரு மெயில் பொறுத்துப் பார்ப்போம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சரி என்றேன். தவறு வெளியே வராமல் பதினைந்து நாள் கிடைக்கிறதே என்று எனக்குள் ஓர் அற்ப நிம்மதி இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பதினைந்து நாள் பதிலுக்கு வழிவிட்டது. அடுத்த கப்பலுக்கு நான் திருத்தக் கடிதம் எழுதி வைத்திருந்தபோது, அவர்கள் ஊரிலிருந்து பினாங்கு வியாபாரி ஒருவர் வழியாக மலாயில் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அடக்கம் செய்ததற்கு நன்றி. எருமை வெட்டி, ஊரைக் கூட்டி, பட்டத்தைச் சகோதரியின் மகனுக்குச் சூட்டிவிட்டோம். முறைப்படி பட்டம் ஏற்கிறவன் முந்தியவரின் குழி மண் நிறம் மாறுமுன் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். இங்கே குழி இல்லாததால் அவனை ரங்கூனுக்கு அனுப்புகிறோம்.

இதை அவருக்கு நான் படித்துக் காட்டினேன். எருமை வெட்டிய வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். முடித்ததும், நான் எழுதி வைத்திருந்த திருத்தக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"இந்தத் தாள் கடலில் நனைந்துபோகும்" என்றார்.

அவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. அனுப்பாதே என்று அர்த்தம் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பேச்சில் நான்கு வகை உண்டென்று பிறகொரு நாள் சொல்லித் தந்தார். பெரியவரிடம் மேட்டில் ஏறுகிற பேச்சு, சிறியவரிடம் சரிவில் இறங்குகிற பேச்சு, சமவயதினரிடம் சமதரைப் பேச்சு, சம்பந்தி வீட்டாரிடம் சாய்ந்து போகிற பேச்சு. எவனுக்கு இந்த நான்கும் தெரியவில்லையோ அவனை மனிதனாக எண்ணமாட்டார்களாம். நான் ஆஸ்பத்திரியில் ஐந்து மொழியிலும் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றியது.

உயிரோடிருக்கும்போதே விரும்பிப் பட்டத்தைக் கொடுக்கலாமே, முறை இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். ஆனால் செத்ததாகச் சொல்லி எருமை வெட்டிய பிறகு அவர் எழுந்து வந்தால், உயிரோடிருந்த தலைவனைப் புதைத்த குடும்பம் என்று ஊர் பேசும். பையன் தலை நிமிர முடியாது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இரண்டு சகோதரிகளின் கிளைகளுக்குள் கிழக்கு வயலைப் பற்றிச் சண்டை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் இவர். எந்தப் பக்கம் சொன்னாலும் ஒரு சகோதரி வீட்டுப் படி ஏற முடியாது. அதனால் வியாபாரத்துக்குப் போகிறேன் என்று புறப்பட்டு வந்து ஒன்பது வருஷமாயிற்று.

"அவர்களுக்கு நான் செத்து ஒன்பது வருஷம். உங்கள் கடிதம் அதைத் தெரியப்படுத்தியது, அவ்வளவுதான்" என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை.

அம்மை வந்து பிழைத்தவருக்கு அது மறுபடி வராது என்பதால் வார்டு வேலைக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். ரங்கூனில் அவருடைய மொழி பேசுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், துறைமுகப் பக்கம் காப்பிக் கடையில் கூடுவார்கள். ஒரு தரம் அங்கே போனாராம். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டம் இன்னொருவருடையதாகிவிட்டது, சின்ன வயதுப் பெயரைச் சொல்லக் கூடாது. அவர்கள் எழுந்து இடம் விட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், காப்பி ஆறியது, வந்துவிட்டார். பிறகு போகவில்லை. வார்டில் பர்மியப் பெண்கள் அவரை 'ஊலே' என்றார்கள். அவர்கள் வழக்கில் தாய்மாமனுக்கு உரிய சொல், வயதில் பெரிய எவரையும் அப்படிக் கூப்பிடுவார்கள். அதற்கு அவர் திரும்பிப் பார்த்தார். நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மையவாடிக்குப் போய்விட்டு வருவார். தன் பெயரில் படுத்திருக்கிற மாலுமியின் குழிக்கு. புல் பிடுங்குவார், தண்ணீர் தெளிப்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன். நட்டிருந்த பலகையில் அவருடைய குழந்தைப் பெயர், என் கையெழுத்தைப் பார்த்து எவனோ செதுக்கியது. அதற்கு முன்னால் அவர் குந்தி உட்கார்ந்து, "இவன் வீட்டில் இன்னும் இவனுக்குச் சோறு எடுத்து வைக்கிறார்கள்" என்றார். வெயில் நேரம்தான். இருந்தாலும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கியபோது பட்டம் ஏற்ற அந்தச் சகோதரி மகன் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கறுப்பு வெல்வெட் தொப்பி, தோளில் மடித்த சாரங். கையில் தேவசகாயம் எழுதிய கடிதம், மூன்றாக மடித்தபடி. என் மேசைக்கு முன்னால் நின்று, தன்னை இன்னார் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்தப் பட்டத்தை அதற்கு முன் ஒரே ஒருவர் வாயிலிருந்துதான் கேட்டிருந்தேன். அவர் அப்போது பத்தடி தள்ளித் தாழ்வாரத்தில் தண்ணீர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். தன் பெயர் இன்னொரு வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு, வாளியைக் கீழே வைக்காமல், அப்படியே நின்றார். இளைஞர் திரும்பிப் பார்த்தார். அம்மைத் தழும்பில் மூழ்கிய முகம். ஒன்பது வருஷத்துக்கு முன் பார்த்த மாமனை அதில் கண்டுபிடிக்க முடியாது.

தேவசகாயம் எழுந்து நின்றார். வந்தவருக்கு ஆறுதல் சொல்லி, அதை என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். பிறகு தமிழில், குரலை மாற்றாமல், "கூட்டிட்டுப் போயி குழியைக் காட்டும். ஊலே என்ன விரும்புதாரோ அதுதான் நடக்கணும். நீரா எதையும் சொல்லிராதேயும்" என்றார்.

மூன்று பேரும் நடந்தோம். ஊலே வழிகாட்டிக்கொண்டு முன்னால், நாங்கள் பின்னால். இளைஞர் என்னைத் துளைத்தெடுத்தார். மாமா வலியில் துடித்தாரா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா, கடைசியில் ஏதாவது சொன்னாரா. கிளைகள் இரண்டும் இன்னும் அடித்துக்கொள்வதையும், தன் சொல்லை இரண்டு பக்கமும் மதிக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். பட்டம் இருக்கிறது, வாய் இல்லை என்றார். இவர்தான் பக்கத்தில் இருந்தவர் என்று முன்னால் போகிறவரைக் காட்டினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

குழியருகே இளைஞர் தொழுதார். ஒரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டார். பிறகு ஊலேயைப் பார்த்து, கூலி ஆளிடம் பேசுகிற தோரணையில், மாமா கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

ஊலே மலாயில் பதில் சொன்னார். சந்தை மலாய், துறைமுகத்தில் எல்லோரும் பேசுவது. ஒரு இடத்தில்கூட அந்த 'ஒ' வரவில்லை, 'அம்போ' வரவில்லை. தன் மொழியை வாய்க்குள் அடைத்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பேசுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"தெளிவாகத்தான் இருந்தார். கிழக்கு வயலை இரண்டு வீடும் வருஷம் மாற்றி வருஷம் உழட்டும், மூத்தவள் வீடு முதலில் என்றார். போகும்போதே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றார்."

அவர் ஏன் உயிரோடு வர மறுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. உயிரோடிருப்பவன் தீர்ப்பை எதிர்த்துப் பேசலாம். செத்தவன் கடைசிச் சொல்லை எந்தச் சகோதரி எதிர்ப்பாள்?

இளைஞர் குழியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வாளி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளைப் பார்த்தார். திரும்பி வரும்போது ஊலேக்கு முன்னால் நடக்கவில்லை, பக்கத்திலும் நடக்கவில்லை. மூன்றடி பின்னால் வந்தார். துறைமுகத்தில் படகு ஏறுமுன், இவர் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். பெயர் இல்லை, ஊலே என்போம், தாய்மாமன் என்று பொருள் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு தன் மொழியில், மேட்டில் ஏறுகிற பேச்சில், வயல் விஷயம் அப்படியே நடக்கும் என்றார். குனிந்து ஊலேயின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வேலையாளுக்கு எந்த டத்துக்கும் அப்படிச் செய்யமாட்டார். ஊலே, அன்று வார்டு வாசலில் நின்று நான் பார்த்த அதே மாதிரி உதடுகளை இறுக மூடிக்கொண்டு, படகு திரும்பும்வரை நின்றார்.

அதன் பிறகு நாலு மழைக்காலம் அவர் எங்களோடு இருந்தார். ஐந்தாவதில் நெஞ்சில் சளி கட்டி, கடைசியில் அவரையே கட்டிலில் போட வேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் எண் காலியாக இருந்தது. வேறு கட்டில் போடச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். இரண்டாம் நாள் மாலை என்னைக் கூப்பிட்டு, காலை அழைப்பில் தன்னை ஊலே என்று கூப்பிட வேண்டாம் என்றார். சீட்டில் இருந்த பெயரைச் சொல்லி, முறைப்படி கூப்பிட வேண்டுமாம். அந்தப் பெயர் உங்களுக்கு அவமானமாயிற்றே என்றேன்.

"இப்போது பட்டம் இல்லையே. கூப்பிடலாம்" என்றார். "இந்தத் தரம் பதில் சொல்லிவிடுகிறேன்."

மறுநாள் காலை ஆறரை மணி. தேவசகாயம் தாழ்வாரத்தில் இருந்தார், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. மற்ற பெயர்களையெல்லாம் கூப்பிட்டு முடித்தேன். பன்னிரண்டுக்கு வந்தேன். அந்தப் பெயரைச் சொன்னேன். ஐந்து எண்ணினேன். அவர் கண் மூடியிருந்தது, மார்பு மட்டும் ஏறி இறங்கியது. இரண்டாம் தரம் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தேன். அழுகை வந்து அடைத்துக்கொண்டது, சத்தம் வரவில்லை. வார்டில் வேறு யாரும் பேசவில்லை. நான் சத்தியமாகக் கூப்பிடவில்லை.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். நான் நின்ற வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம். யாரோ தெருவிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளை பதில் சொல்லுமே, அந்தக் குரலில், தெளிவாக, "அம்போ" என்றார். நான்தான், இதோ வருகிறேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மார்பு ஏறவில்லை.

தேவசகாயம் எழுந்து நின்றார். பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் இரண்டு தரந்தான் கூப்பிட்டேன் என்பதை அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பார். 'மூன்று தரம் அழைக்கப்பட்டது' என்ற அச்சு வரியை அப்படியே விட்டுவிட்டு, 'இல்லை' என்பதை அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். அது பொய்க் கையெழுத்து என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.